ஃபதேஹாபாத் நகரின் பருவகாலக் காற்றுத்தரம்

ஃபதேஹாபாத், இந்தியாவின் ஹரியானா மாநிலத்தில் உள்ள சிறிய மாவட்டத் தலைநகரம். நெல், கோதுமை, பருத்தி ஆகியவற்றைச் சார்ந்து வாழும் இந்த வேளாண் நகரில் பெரிய ஆலைத் தொகுதிகள் இல்லை. பெருநகரங்களைப் போன்ற வாகன நெரிசலும் இல்லை. ஆயினும் ஆண்டின் சில வாரங்களில் இங்குள்ள காற்று நாட்டின் மிக மாசடைந்த நகரங்களின் காற்றோடு ஒப்பிடும் நிலையை அடைகிறது. பருவமழைக் காலத்திலோ இதே நகரின் காற்று பெரும்பாலும் தூய்மையாக இருக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தைப் பயிர் நாட்காட்டியும் வானிலையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. வடமேற்கு இந்தியாவின் பல சிறு நகரங்களுக்கும் பொருந்தும் ஓர் எடுத்துக்காட்டாக ஃபதேஹாபாத்தைக் கொள்ளலாம்.

அமைவிடமும் வேளாண்மையும்

ஃபதேஹாபாத் நகரம் டெல்லிக்கு வடமேற்கே 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், ஹிசார் - சிர்சா நெடுஞ்சாலையில் உள்ளது. 14-ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் இந்நகரை நிறுவித் தன் மகன் ஃபதே கானின் பெயரைச் சூட்டினார் என்பது வரலாறு. 1997-இல் ஹிசார் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரில் சுமார் 70 ஆயிரம் பேர் வாழ்ந்தனர்.

மாவட்டத்தின் வடக்கே பஞ்சாப் மாநிலமும், தென்மேற்கே ராஜஸ்தானும் உள்ளன. காற்றுத்தரத்தைப் புரிந்துகொள்ள இந்த இரு எல்லைகளும் முக்கியமானவை. வடக்கிலிருந்து அறுவடைக்காலப் புகையும், தென்மேற்கிலிருந்து கோடைகாலப் பாலைப் புழுதியும் வருகின்றன.

ஆண்டு மழையளவு 400 மில்லிமீட்டருக்கும் குறைவு. கால்வாய் நீரும் ஆழ்துளைக் கிணறுகளுமே பாசன ஆதாரங்கள். கக்கர் ஆற்றை ஒட்டிய ரதியா, ஜாக்கல், தோஹானா பகுதிகளில் நெல் மிகுதியாகப் பயிராகிறது. மணற்பாங்கான மற்றப் பகுதிகளில் பருத்தி முக்கியப் பயிர். நெல்லும் பருத்தியும் காரீஃப் பருவத்திற்கு உரியவை. அவற்றைத் தொடர்ந்து குளிர்காலமாகிய ராபி பருவத்தில் ஏறக்குறைய எல்லா நிலங்களிலும் கோதுமை விதைக்கப்படுகிறது. அண்மை ஆண்டுகளில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுத் தாக்குதலால் பருத்தியில் நட்டமடைந்த உழவர்கள் பலர் நெல்லுக்கு மாறியுள்ளனர். பருத்தியில் ஏற்பட்ட பூச்சித் தாக்குதல், எரிக்கப்படக்கூடிய நெல் தாளின் அளவைக் கூட்டியது இப்பகுதியின் ஒரு முரண்.

காற்றுத்தரம் அளக்கப்படும் முறை

காற்றில் மிதக்கும் துகள்கள் அவற்றின் விட்டத்தைக் கொண்டு வகைப்படுத்தப்படுகின்றன. 10 மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ளவை பி.எம். 10 எனவும், 2.5 மைக்ரோமீட்டர் வரை உள்ளவை பி.எம். 2.5 எனவும் அழைக்கப்படுகின்றன. பின்னது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே. புழுதியில் பெருந்துகள்கள் மிகுதி. புகையில் நுண்துகள்கள் மிகுதி. எனவே இரண்டின் விகிதத்தைப் பார்த்தே மாசு பெரும்பாலும் மண்ணிலிருந்து வந்ததா, எரிப்பிலிருந்து வந்ததா என்று ஊகிக்க முடியும்.

2009-இல் வெளியான இந்தியத் தேசியத் தரநிலைகளின்படி, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 2.5 அளவு 60 மைக்ரோகிராமையும், பி.எம். 10 அளவு 100 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. உலக சுகாதார அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இவற்றை முறையே 15 எனவும் 45 எனவும் வரையறுக்கின்றன.

பொதுமக்களுக்கு எளிதாகப் புரியும் வகையில் 2015 முதல் இந்தியாவில் காற்றுத் தரக் குறியீடு பயன்பாட்டில் உள்ளது. அதன் வகைகள்:

0 - 50: நன்று
51 - 100: திருப்திகரம்
101 - 200: மிதமான மாசு
201 - 300: மோசம்
301 - 400: மிக மோசம்
401 - 500: கடுமை

ஒவ்வொரு மாசுப் பொருளுக்கும் தனித்தனித் துணைக் குறியீடு கணக்கிடப்படும். அவற்றுள் மிக உயர்ந்ததே அன்றைய குறியீடு. சராசரி எடுக்கப்படுவதில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு நாள் பி.எம். 10 அளவு 180 மைக்ரோகிராம், பி.எம். 2.5 அளவு 100 மைக்ரோகிராம் என்று கொள்வோம். எண் அளவில் பி.எம். 10 பெரிது. ஆனால் அதன் துணைக் குறியீடு ஏறத்தாழ 153. பி.எம். 2.5-இன் துணைக் குறியீடு ஏறத்தாழ 232. ஆகவே அந்த நாளின் குறியீடு 232, வகை 'மோசம்'. குறியீட்டைப் படிக்கும்போது எந்த மாசுப் பொருள் அதைத் தீர்மானித்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதன் காரணம் இதுவே.

ஃபதேஹாபாத்தில் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையம் ஒன்று நகரின் குடியிருப்புப் பகுதியில் இயங்குகிறது. அது காட்டும் எண் நகருக்குரியது. எரியும் வயலுக்கு அருகில் இருக்கும் சிற்றூரின் காற்று அதே நேரத்தில் வெகுவாக வேறுபடக்கூடும்.

பருவந்தோறும் காற்று

பருவமழைக் காலம் (ஜூலை - செப்டம்பர்): தென்மேற்குப் பருவமழை பொதுவாக ஜூன் இறுதியில் ஹரியானாவை அடைகிறது. மழைத்துளிகள் துகள்களைக் கழுவி நிலத்தில் சேர்க்கின்றன. ஈர மண்ணிலிருந்து புழுதி எழுவதில்லை. வயல்களில் பயிர் நிற்பதால் எரிப்பதற்கு ஏதுமில்லை. செங்கற்சூளைகளும் மழைக்காலத்தில் மூடப்பட்டிருக்கும். ஆண்டின் மிகத் தூய காற்று இந்த மாதங்களில்தான். குறியீடு பல நாள்கள் 100-க்குள் நிற்கும். மழை இடைவெளி நீண்டால் மட்டும் புழுதி சற்றுத் தலைகாட்டும்.

நெல் அறுவடைக் காலம் (அக்டோபர் - நவம்பர்): செப்டம்பர் இறுதிக்குள் பருவமழை விலகியதும் காற்று வறண்டு, அதன் வேகம் குறைகிறது. வடமேற்கிலிருந்து மெல்லிய காற்று வீசத் தொடங்குகிறது. இதே நேரத்தில் நெல் அறுவடை உச்சம் பெறுகிறது. அறுவடை இயந்திரங்கள் வயலிலும், நெல்லைக் கொட்டித் தூற்றும் பணி மண்டிகளிலும் புழுதியை எழுப்புகின்றன. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் மூன்றாம் வாரம் வரை நெல் தாள் எரிப்பு நடக்கிறது. உள்ளூர்ப் புகையோடு பஞ்சாபின் மான்சா, சங்ரூர் மாவட்டங்களிலிருந்து காற்றில் வரும் புகையும் சேர்கிறது. தீபாவளிப் பட்டாசுப் புகையும் இதே வாரங்களில் கலக்கிறது. நவம்பர் முதல் பாதியில் குறியீடு 300-ஐத் தாண்டுவது வழக்கம். சில நாள்களில் 'கடுமை' வகையையும் எட்டுகிறது.

குளிர்காலம் (டிசம்பர் - பிப்ரவரி தொடக்கம்): தாள் எரிப்பு நின்ற பிறகும் காற்று உடனே தெளிவதில்லை. இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் தரையை ஒட்டிய காற்று, அதற்கு மேலுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. இதனை வெப்பநிலைத் தலைகீழாக்கம் என்பர். கனமான குளிர்காற்று மேலெழ முடியாததால், மேலே மூடி போட்டதுபோலப் புகை தரை அருகிலேயே தங்குகிறது. அடுப்பெரிக்கும் எருமுட்டை, பருத்திக் குச்சி, குளிர்காய மூட்டும் தீ, சூளை, வாகனம் என ஒவ்வொன்றும் சிறு அளவே வெளியிட்டாலும், கலந்து விரிய இடமில்லாததால் செறிவு கூடுகிறது.

கோதுமைக்கு இடும் யூரியாவிலிருந்தும் கால்நடைக் கழிவிலிருந்தும் எழும் அம்மோனியா வாயுவுக்கும் இதில் பங்குண்டு. அது காற்றிலுள்ள நைட்ரிக், கந்தக அமிலங்களுடன் வினைபுரிந்து அம்மோனிய உப்புகளாக, அதாவது புதிய நுண்துகள்களாக மாறுகிறது. குளிரும் பனிமூட்டத்தின் ஈரமும் இந்த வினைக்குத் துணைபுரிகின்றன. யாரும் எதையும் எரிக்காமலேயே துகள் உருவாகும் வழி இது.

கோதுமை அறுவடைக் காலம் (மார்ச் - ஏப்ரல்): வெயில் ஏறும்போது தரைக்காற்று மேலெழுந்து கலப்பதால் மாசு விரவிக் குறைகிறது. ஏப்ரலில் கோதுமை அறுவடை தொடங்கியதும் கதிரடிப்புத் தூசியும் ஓரளவு தாள் எரிப்பும் மீண்டும் தலையெடுக்கின்றன. ஆனால் கோதுமைத் தாள் நல்ல கால்நடைத் தீவனம். அறுவடைக்குப் பின் அதை வெட்டிப் 'பூசா' எனும் தீவனமாக்கி விற்க முடிவதால் எரிக்கப்படும் பங்கு குறைவு. மேலும் அப்போது வீசும் வெப்பக்காற்று புகையை ஓரிடத்தில் தங்கவிடுவதில்லை. அக்டோபரில் எரியும் தாளைவிட ஏப்ரலில் எரியும் தாள் குறைந்த தீங்கு செய்வதன் காரணங்கள் இவை.

கோடை (மே - ஜூன்): 'லூ' எனப்படும் அனல்காற்றும், 'ஆந்தி' எனப்படும் புழுதிப்புயலும் வீசும் காலம். தார்ப் பாலைவனத்திலிருந்து வரும் மணலும், அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கும் வயல்களின் மண்ணும் காற்றை நிறைக்கின்றன. புழுதிப்புயல் நாளில் குறியீடு சில மணி நேரத்திலேயே 'கடுமை' வரை உயர்ந்து, அடுத்த மழையில் சரிந்துவிடக்கூடும். இப்போது பெருந்துகளே முதன்மை மாசு. கடும் வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளும் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனும் உருவாகிறது.

நெல் தாள் ஏன் எரிக்கப்படுகிறது

தென்னிந்தியாவில் வைக்கோல் மாட்டுத் தீவனமாக விலைபோகிறது. வடமேற்கு இந்தியாவில் கோதுமைப் பூசாவே விரும்பப்படுகிறது. சிலிக்கா மிகுந்த நெல் வைக்கோலுக்கு அங்கே தீவன மதிப்புக் குறைவு. ஒரு டன் நெல்லுக்கு ஒன்று முதல் ஒன்றரை டன் வரை வைக்கோல் கிடைக்கிறது. கையால் அறுத்தால் தாள் அடியோடு வெட்டப்படும். கம்பைன் இயந்திரமோ கதிர்ப்பகுதியை மட்டும் அறுத்து, அடித்தாளை நிற்கவிட்டு, உதிரி வைக்கோலை வரிசையாகக் கொட்டிச் செல்கிறது. அதற்குள் விதைப்புக் கருவி சிக்கிக்கொள்ளும்.

இதைவிட முக்கியமானது கால நெருக்கடி. நிலத்தடி நீரைக் காக்க ஹரியானாவும் பஞ்சாபும் 2009-இல் சட்டங்கள் இயற்றின. ஹரியானா சட்டப்படி ஜூன் 15-க்கு முன் நெல் நடவு செய்யக் கூடாது. கொளுத்தும் கோடையில் வயலில் நீர் கட்டுவதைத் தவிர்ப்பதே நோக்கம். நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமையோ நவம்பர் நடுவுக்குள் விதைக்கப்பட வேண்டும். தாமதமானால் மணி முற்றும் மார்ச் மாத வெப்பத்தில் விளைச்சல் குறையும். இடையில் கிடைப்பது இரண்டு மூன்று வாரங்களே. 2019-இல் 'நேச்சர் சஸ்டைனபிலிட்டி' இதழில் வெளியான ஆய்வு, இந்தச் சட்டங்களுக்குப் பின் தாள் எரிப்பு நவம்பரை நோக்கி நகர்ந்ததையும், தீயின் உச்சச் செறிவு 39% கூடியதையும் காட்டியது. நீரைக் காக்கும் நல்ல முயற்சி ஒன்று, காற்று மிகவும் அசைவற்றிருக்கும் வாரங்களுக்குத் தீயைத் தள்ளிவிட்டது.

எரிப்பதால் உழவருக்கும் இழப்பு உண்டு. ஒரு டன் நெல் வைக்கோலில் ஏறத்தாழ 5.5 கிலோ நைட்ரஜன், 2.3 கிலோ பாஸ்பேட், 25 கிலோ பொட்டாஷ், 1.2 கிலோ கந்தகம் உள்ளன. எரிக்கும்போது கரிமப் பொருளும் நைட்ரஜனின் பெரும்பகுதியும் காற்றில் போய்விடுகின்றன. ஆனால் அந்த இழப்பு மெதுவாகத் தெரிவது. விதைப்புத் தாமதத்தின் இழப்போ அந்த ஆண்டே தெரியும். எரிப்பதற்குத் தீக்குச்சி ஒன்றே செலவு. இந்தக் கணக்கு மாறாத வரை அறிவுரை மட்டும் பலன் தருவது கடினம்.

உடல்நலத் தாக்கம்

நுண்துகள்கள் நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை சென்று, இரத்த ஓட்டத்திலும் கலக்கக்கூடியவை. கண் எரிச்சல், இருமல், ஆஸ்துமாத் தீவிரம் ஆகியவை உடனடி விளைவுகள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் ஆகியவை நீண்டகால ஆபத்துகள். ஏறத்தாழ 2.5 லட்சம் பேரின் உடல்நலத் தரவைச் செயற்கைக்கோள் தரவோடு ஒப்பிட்ட 2019-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, பயிர்க்கழிவு எரிப்பு மிகுந்த மாவட்டங்களில் வாழ்வோருக்குக் கடும் சுவாசத் தொற்று ஏற்படும் ஆபத்து மூன்று மடங்கு என்று கண்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் குறிப்பாகப் பாதிக்கப்படுகின்றனர்.

பொது விவாதத்தில் உழவர் மாசை உண்டாக்குபவராகவும், டெல்லிவாசி அதைச் சுவாசிப்பவராகவும் சித்திரிக்கப்படுவது வழக்கம். ஆனால் புகையை முதலில், மிகச் செறிவாகச் சுவாசிப்பவர்கள் வயலில் நிற்கும் உழவரும், அவர் குடும்பமும், மண்டியில் மூட்டை தூக்கும் தொழிலாளரும்தான்.

நடவடிக்கைகளும் விளைவுகளும்

2018 முதல் மத்திய அரசு பயிர்க்கழிவு மேலாண்மைக் கருவிகளுக்குத் தனி உழவருக்கு 50%, வாடகைக் கருவி மையங்களுக்கு 80% மானியம் வழங்கியது. 'சூப்பர் எஸ்.எம்.எஸ்.' கம்பைனில் பொருத்தப்பட்டு வைக்கோலை நறுக்கிச் சீராகப் பரப்புகிறது. 'ஹேப்பி சீடர்' தாளை அகற்றாமலேயே அதனூடாகக் கோதுமையை விதைக்கிறது. 'சூப்பர் சீடர்' தாளை மண்ணில் புரட்டி விதைக்கிறது. இவற்றை இழுக்க அதிகக் குதிரைத்திறன் கொண்ட டிராக்டர் தேவை. சிறு உழவர் வாடகைக் கருவிக்காகக் காத்திருக்க நேர்வதும், அந்த மூன்று வாரங்களில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கருவி தேவைப்படுவதும் நடைமுறைச் சிக்கல்கள்.

வைக்கோலைக் கட்டுகளாக்கி வெளியே கொண்டுசெல்வது மற்றொரு வழி. 2022 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட பானிபட் இரண்டாம் தலைமுறை எத்தனால் ஆலை ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலைப் பயன்படுத்தும் திறனுடன் அமைக்கப்பட்டது. நெல்லை விட்டு மாற்றுப் பயிருக்குச் செல்வோருக்கு ஏக்கருக்கு 7,000 ரூபாய் வழங்கும் 'மேரா பானி மேரி விராசத்' திட்டத்தை ஹரியானா 2020-இல் அறிவித்தது. நாற்றங்காலுக்குப் பின் சுமார் 93 நாள்களில் முதிரும் பி.ஆர். 126 போன்ற குறுகியகால நெல் வகைகள் இடைவெளி நாள்களைக் கூட்டுகின்றன.

தண்டனைகளும் கடுமையாகியுள்ளன. 2024 நவம்பரில் சுற்றுச்சூழல் இழப்பீட்டுத் தொகை இருமடங்காக்கப்பட்டு, 2 ஏக்கருக்குக் குறைவான நிலமுள்ளோருக்கு 5,000 ரூபாய், 2 முதல் 5 ஏக்கர் வரை 10,000 ரூபாய், அதற்கு மேல் 30,000 ரூபாய் என்றானது. தாள் எரித்தவரின் நிலப்பதிவில் சிவப்புக் குறியிட்டு, இரு பருவங்களுக்கு மண்டியில் இணையவழி விற்பனையைத் தடுக்கும் ஆணையையும் ஹரியானா 2024-இல் பிறப்பித்தது.

செயற்கைக்கோள் கணக்கின்படி, செப்டம்பர் 15 முதல் நவம்பர் 30 வரை ஹரியானாவில் பதிவான தீ நிகழ்வுகள் 2021-இல் 6,987, 2022-இல் 3,661, 2023-இல் 2,303, 2024-இல் 1,406 எனக் குறைந்துள்ளன. மாநிலத்தில் இந்நிகழ்வுகள் மிகுதியாகப் பதிவாகும் மாவட்டங்களுள் ஃபதேஹாபாத், கைத்தல், ஜிந்த் ஆகியவை அடங்கும். இந்த எண்களை ஓர் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். இத்தகைய செயற்கைக்கோள்கள் நாளுக்குச் சில முறையே ஓரிடத்தைக் கடக்கின்றன. பிற்பகல் கடப்புக்குப் பின் மாலையில் மூட்டப்படும் தீ அவற்றின் கணக்கில் வராமல் போகலாம்.

சிறு நகரங்களும் கொள்கை இடைவெளியும்

2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் 131 நகரங்களை இலக்காகக் கொண்டது. ஃபதேஹாபாத் அப்பட்டியலில் இல்லை. டெல்லியில் காற்று மோசமாகும்போது கட்டுமானத்தை நிறுத்துவது, சில வாகனங்களைத் தடைசெய்வது, பள்ளிகளை மூடுவது எனப் படிப்படியாகச் செயல்படும் அவசரத் திட்டம் தேசியத் தலைநகர் வட்டாரத்துக்கு மட்டுமே உரியது. ஹரியானாவின் 14 மாவட்டங்கள் அவ்வட்டாரத்தில் அடங்கும். ஃபதேஹாபாத் அதற்கு வெளியே உள்ளது. 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் காற்றுத்தர மேலாண்மை ஆணையத்தின் அதிகாரம் முழு ஹரியானாவுக்கும் உண்டு. தாள் எரிப்பைத் தடுக்கும் ஆணைகள் இங்கும் செல்லும். ஆனால் காற்று கெட்ட நாளில் மக்களைக் காக்கும் ஏற்பாடுகள் அதே அளவில் இங்கு வருவதில்லை. டெல்லியில் 400 என்ற குறியீடு தேசியச் செய்தி. அதே நாளில் ஒரு சிறு நகரின் 400 பெரும்பாலும் உள்ளூர்ச் செய்தியாகவே முடிகிறது.

மற்றொரு குறைபாடு காலம் பற்றியது. நடவடிக்கைகள் பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் மாதங்களை மையமாகக் கொண்டவை. குளிர்கால அடுப்புப் புகை, சூளை, அம்மோனியா, கோடைப் புழுதி ஆகியவற்றுக்குத் தாளெரிப்புத் தடை தீர்வாகாது. தூய எரிபொருள் தொடர்ந்து கிடைப்பது, யூரியாவை அளவோடும் உரிய ஈரத்திலும் இடுவது, மண்டிகளில் தூசி உறிஞ்சும் துப்புரவுக் கருவிகள், சாலையோரப் பசுமை, கோடையில் வெற்று நிலத்தைப் பயிர் மூட்டத்தால் காப்பது ஆகியவை பருவத்துக்கேற்ற வழிகள்.

மக்களுக்கான முன்னெச்சரிக்கைகள்

மாசு மிகுந்த நாள்களில் அதிகாலையிலும் இரவிலும் துகள் செறிவு கூடுதலாக இருக்கும். வெயில் ஏறிய பின் நண்பகலில் சற்றுக் குறையும். நடைப்பயிற்சி, பள்ளி விளையாட்டு ஆகியவற்றை அதற்கேற்ப மாற்றலாம். துணி முகக்கவசம் நுண்துகளைத் தடுப்பதில்லை. முகத்தில் நன்றாகப் பொருந்தும் என்.95 வகை ஓரளவு பயன் தரும். வீட்டினுள் விறகு, எருமுட்டை, ஊதுபத்தி எரிப்பதைக் குறைப்பது, பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைப்பது ஆகியவையும் உதவும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளோர் அக்டோபர் தொடங்கும் முன்பே மருத்துவரைக் கண்டு மருந்துகளைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. மாசு எந்த வாரங்களில் வரும் என்பது முன்கூட்டியே தெரியும் என்பதால், ஃபதேஹாபாத் போன்ற நகரில் குடும்பங்களும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் அதற்குமுன் ஆயத்தமாக முடியும்.